‘ங்க’ யாருக்கு? – வலையொலி தொடங்குமுன் சில கேள்விகள்

1

பாட்காஸ்ட் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகள் பெருகிக் கிடக்கிற காலம் இது. தமிழில் ‘வலையொலி’ என்கிறார்கள். கையேடுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பேசுகின்றன. உன் நேயர் யாரென்று முடிவு செய், உனக்கென்று ஒரு தலைப்பைப் பிடி, மைக் வாங்கு, சத்தமில்லாத அறையைப் பார், முதல் மூன்று பகுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிட ஆரம்பி, வாரம் தவறாதே. கடைசியாக ஒன்று: நீ நீயாகவே பேசு.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் கோவையில் உட்கார்ந்து இந்த வரிசையைப் படிக்கிறபோது கடைசிக் கட்டளை தொண்டையில் நிற்கிறது. நான் நானாகப் பேசுவது என்றால் யாரிடம் பேசுகிற நான்? கொங்கு நாட்டில் ஒரே ஆள் தோட்டத்தில் ஒரு குரலில் பேசுகிறார், டீக்கடையில் ஒரு குரலில், வளவுக்குள் ஒரு குரலில், தாலுக்கா ஆபீசில் வேறொரு குரலில். எதிரில் நிற்பவர் யாரென்று தெரிந்த பிறகுதான் இங்கே வாய் திறக்கிறது. எதிரில் ஆளே நிற்காத ஊடகத்தில் எந்தக் குரல் வரும்?

நானும் நண்பர்கள் சிலரும் கடந்த ஓராண்டாக, இந்தப் பகுதியின் பண்ணையாட்கள், தறிக்காரர்கள், பனியன் கம்பெனித் தொழிலாளிகள் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றை வலையொலியாகக் கொண்டுவர ஆயத்தம் செய்துவருகிறோம். இன்னும் ஒரு பகுதிகூட வெளிவரவில்லை. “மைக் வாங்கறதுக்கே ஒரு வருசமா?” என்று கேட்கிறார்கள். மைக் எப்போதோ வாங்கியாயிற்று. நிறுத்தி வைத்திருப்பது வேறு. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

முதலில் ஊடகத்தின் பௌதிக அடிப்படையைப் பார்த்துவிடலாம். நம் சூழலில் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு ஒன்று வியப்பாக இருக்கிறது, அல்லது வெறுப்பாக இருக்கிறது. அதன் இயக்கத்தைப் பற்றிய பேச்சாக அமைவது குறைவு.

இந்தியாவில் ஒலி நெடுங்காலம் அரசின் சொத்தாக இருந்தது. 1980கள் வரை வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. கேட்பதற்கே அனுமதி என்றால் பேசுவதற்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவை வானொலி நிலையம் 1966இல் வந்தது. அது பசுமைப் புரட்சியின் காலம். தஞ்சையில் ஏடிடி 27 என்ற நெல் ரகத்தை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள் என்பது ஊடக வரலாற்றில் முக்கியமான செய்தி. வானொலி சொன்னதால் விதைத்த நெல் அது. ‘பிராட்காஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே விதையைக் கையால் வீசி விதைப்பதைக் குறித்த வேளாண் சொல். வீசுபவர் ஒருவர், நிலமாகக் கிடப்பவர் பலர். இந்த உறவைத்தான் பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் விமர்சித்தார். வானொலி விநியோகக் கருவியாக இருப்பதை விட்டு, கேட்பவரும் பேசக்கூடிய தொடர்புக் கருவியாக மாற வேண்டும் என்பது அவர் வாதம்.

1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன் பின் தனியார் பண்பலைகள் வந்தன. 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சமூக வானொலி தொடங்கியது. 2006இல் வந்த கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி தந்தது. கோவையிலும் கல்லூரி வளாகத்திலிருந்து ஒலிபரப்பு நடந்தது. ஆனால் தனியார் பண்பலையும் சரி, சமூக வானொலியும் சரி, சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லக் கூடாது என்றே விதிகள் எழுதப்பட்டன. பாட்டுப் போடலாம், சமையல் குறிப்புச் சொல்லலாம். பல்லடத்தில் தறிக்கூலி ஏன் உயரவில்லை என்று சொல்லப் போனால் அது ‘செய்தி’ ஆகிவிடும்.

வலையொலி இந்த ஏற்பாட்டுக்கு வெளியே பிறந்தது. அதன் பொறி மிக எளிது. ஒலியை ஒரு கோப்பாக்கி ஏதோவொரு சேமிப்புக் கணினியில் வைக்கிறோம். கூடவே ‘ஆர்எஸ்எஸ்’ என்கிற ஓடை ஒன்று. அது வெறும் பட்டியல்தான்: தலைப்பு, தேதி, சிறு குறிப்பு, ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி. கேட்பவரின் கைபேசிச் செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்கிறது. 2000ஐ ஒட்டி இந்தப் பட்டியலில் ஒலியை இணைக்கும் வழி பிறந்தது. 2004இல் ‘பாட்காஸ்ட்’ என்ற பெயர் அச்சேறியது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்தது. இதில் அலைவரிசை கிடையாது. டவர் கிடையாது. டெல்லியில் போய் லைசென்ஸ் வாங்கும் வேலையும் கிடையாது.

கவனிக்க வேண்டியது, ஓடை யார் கையில் என்பது. கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை 2024இல் மூடியது. ஓடையைத் தம் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய நட்டமில்லை; கேட்பவர்கள் வேறு செயலிக்குப் போனார்கள், ஓடை அங்கேயே இருந்தது. ஏதாவதொரு தளத்துக்குள் மட்டும் குடியிருப்பவர்களின் நிலை வேறு, அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். ஆக, முதல் அடி என்று கேட்டால் மைக்குக்கு முன்னால் இதைச் சொல்வேன்: ஓடையின் சாவி யார் பெயரில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள்.

3

லைசென்ஸ் இல்லை என்பதாலேயே இந்த ஊடகம் விடுதலை தந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. கொங்கு நாட்டில் கைபேசி வழியாகப் பரவிய தனிக்குரலுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தேடப்பட்ட சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார். அவை கைக்குக் கை போயின. 2022 மார்ச்சில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை ஒருபுறம் இருக்கட்டும், ஊடகம் பற்றிய விஷயம் இதில் இருக்கிறது. மேடை இல்லை, பத்திரிகை இல்லை, வானொலி இல்லை. ஒரு ஆளின் குரல், ஒரு கைபேசி, கேட்க ஆயத்தமாக இருந்த காதுகள். நாம் கனவு காணும் ‘மாற்று ஊடக’த்தின் எல்லா இலக்கணமும் அதற்குப் பொருந்துகிறது.

ஃபிரான்ஸ் ஃபனான் 1959இல் அல்ஜீரிய வானொலி பற்றி எழுதியது நினைவுக்கு வரலாம். பிரெஞ்சு அரசு அலைகளை இடைமறித்தபோது, பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்ட ஒருவர் தனக்குக் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்துச் சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்கிறார். கேட்டலே அங்கே உற்பத்தியாகிறது, ஒரு மக்கள் கூட்டம் அந்தக் கேட்டலில் உருவாகிறது. ஆனால் கேட்டலில் உருவாகிற கூட்டம் சாதியாகவும் இருக்கலாம் என்பதை ஃபனானோடு சேர்த்து வாசிக்க வேண்டிய ஊர் நம்முடையது.

இன்னொரு முன்வரலாறும் உண்டு. 1965இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாடகர் இரவிரவாகப் பாடப் பாட ஒலிநாடாவில் பதிந்தார். 1982இல் அது பற்றிய அவருடைய ஆய்வுநூலும், 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக முழுப் பிரதியும் வந்தன. ஒருவகையில் கொங்கின் முதல் தொடர் ஒலிப்பதிவு இதுதான் எனலாம். அந்த வடிவத்தில் நாம் கற்க வேண்டியது பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணைப்பாடகரை. அவர் வாங்கிப் பாடுகிறார், கேட்கிறார், ஆமாம் போடுகிறார். கதை ஒருவர் வாயிலிருந்து வந்தாலும் இருவருக்கு நடுவில் நடக்கிறது. அதே சமயம் அந்தக் கதை வெள்ளாளக் கவுண்டர் அண்ணன்மாரின் கதை. வேட்டுவர் அதில் எதிரிகள். கூடவே வருகிற தாழ்த்தப்பட்ட சாதித் துணைவனுக்கு அது அவன் கதை ஆகாது. வாய்மொழி என்றாலே மக்கள் குரல் என்ற நாட்டார் வழக்காற்றியல் பரவசம் இங்கே செல்லுபடியாகாது. எழுத்தைவிடப் பேச்சு உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தெரிதா 1967இலேயே கேள்விக்குள்ளாக்கிவிட்டார். நமக்கு அதைத் தெரிதா வந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை. பண்ணயக்காரர் முன்னால் பேசிய பேச்சில் எவ்வளவு உண்மை இருந்தது என்று பண்ணையாட்களைக் கேட்டால் போதும்.

4

இப்போது ‘ங்க’வுக்கு வருகிறேன்.

எழுத்துத் தமிழில் மரியாதை வினைமுற்றில் இருக்கிறது. ‘வந்தார்’ என்றால் வந்தவருக்கு மரியாதை. கொங்குப் பேச்சில் ‘நான் வந்தனுங்க’ என்கிறோம். வந்தது நான், மரியாதை கேட்கிறவருக்கு. ‘மழை பேஞ்சுதுங்க’, ‘இல்லீங்க’, ‘செரிங்க’, ‘ஏனுங்க’. மழைக்கும் கேட்கிறவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அவர் யார் என்பது வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. தொல்காப்பியம் விளியை எட்டாம் வேற்றுமையாக எண்ணி, விளிமரபு என்று தனி இயலே வைத்தது. அங்கே விளி பெயருக்கு. கொங்குத் தமிழில் ஒவ்வொரு வாக்கியமும் விளிக்கிறது. எந்தக் கூற்றும் ஒரு மற்றவரை நோக்கியே உருவாகிறது என்ற பக்தினின் கருத்தை இங்கே இலக்கணமாகவே காட்டிவிடலாம். போலீஸ்காரன் ‘ஏய்’ என்று கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்பலிலேயே ஒரு தன்னிலையாகிறான் என்றார் அல்தூசர். இங்கே கூப்பிடவே தேவையில்லை. ‘மழை பேஞ்சுதுங்க’ என்கிறபோதே மேலே ஒருவரும் கீழே ஒருவரும் உண்டாகிவிடுகிறார்கள்.

இந்த ‘ங்க’வைத்தான் ‘மரியாதை தெரிந்த ஊரு’ என்று கொண்டாடுகிறோம். ஓட்டல் விளம்பரம் முதல் கல்யாண மண்டபம் வரை இது ஒரு வணிக முத்திரையாகிவிட்டது. சினிமா இதைக் குசும்பாக்கியது. கோவை சரளாவின் வசவிலும், ‘அமைதிப்படை’ (1994) சத்யராஜ்–மணிவண்ணன் நக்கலிலும் கொங்குத் தமிழ் சிரிக்க வைக்கிற தமிழ். இரண்டிலும் விட்டுப்போன கேள்வி, ‘ங்க’ எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. அறுபது வயதுப் பண்ணையாள் பத்து வயதுப் பையனுக்கு ‘ங்க’ போட்டார். பையன் அவரை ‘வாடா’ என்றான். இது ஏதோ புராண காலத்துச் சங்கதி அல்ல. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) படித்தவர்களுக்கு, ஆடு மேய்க்கிற ஒரு சிறுவனின் உலகில் விளி எப்படி எடை போட்டு வருகிறது என்று தெரியும். ‘சாமி’ என்ற சொல்லைப் பாருங்கள். குழந்தையைக் கொஞ்ச ‘எஞ்சாமி’. பண்ணயக்காரரைப் பார்த்ததும் துண்டை இறக்கிக்கொண்டு ‘சாமி’. ஒரே சொல்தான். திசைதான் வேறு.

எழுத்து இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது பெரிய சாதனை. ஆனால் வட்டாரப் பேச்சு பாத்திரங்களின் வாயில் இருந்தது; கதைசொல்லி எழுத்துத் தமிழில் நின்றார். நம் வட்டார இலக்கியத்தில் பெரும்பகுதி இந்த மேற்கோள்குறி ஏற்பாட்டிலேயே இயங்குகிறது. வானொலியும் அப்படித்தான்: அறிவிப்பாளருக்கு ஊர் இல்லாத தமிழ், நாடகத்தில் வரும் விவசாயிக்கு மட்டும் ஊர்த்தமிழ். வலையொலியில் மேற்கோள்குறி போட இடமில்லை. பேசுகிறவரே கதைசொல்லி. ‘வணக்கமுங்க’ என்று ஆரம்பித்தால் அந்த ‘ங்க’ யார் காதில் விழப்போகிறது என்று சொல்ல முடியாது. சாதி தெரியாத ஒரு காதுக்கு ‘ங்க’ போட்டாக வேண்டும். கேட்பவர் வளவில் இருக்கலாம், பங்களாவில் இருக்கலாம். அளவெடுத்துக் கொடுத்த மரியாதையை அளவில்லாமல் கொடுக்க நேர்கிறது. இந்த ஊடகத்தில் எனக்கு நம்பிக்கை தரும் இடம் இதுதான். கொங்குக் குரல் தன் கேட்பவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகிற இடம்.

5

நம்பிக்கையைச் சொல்லிவிட்டு நடைமுறைக்கு வந்தால் முதல் முட்டுக்கட்டை அமைதி. ‘சத்தமில்லாத அறையில் பதிவு செய்’ என்கிறது கையேடு. சோமனூர், பல்லடம் பக்கம் வந்து பாருங்கள். விசைத்தறி ஓடும் வீட்டில் பகலுக்கும் ராத்திரிக்கும் சத்தத்தில் வித்தியாசமில்லை. தறிக்குடோனை ஒட்டியே குடியிருப்பு. திருப்பூரில் ஒரே அறையில் நாலு பேர் தங்கி ஷிப்ட் மாறி மாறித் தூங்குகிறார்கள். அமைதியான அறை என்பது வர்க்கம் சார்ந்த பொருள். சொந்த வீடு இருப்பவரிடமே அது இருக்கிறது. மைக்கைத் தூக்கிக்கொண்டு அமைதியைத் தேடிப் போனால் யார் வீட்டில் போய் நிற்போம் என்பது தெரிந்ததுதானே. பதிவுக்கூடத்தின் சுவர் பதிவாகும் முன்பே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

இதற்குச் சில தொழில்நுட்பப் பதில்கள் உண்டு. கண்டென்சர் மைக் அறை முழுவதையும் கேட்கும். டைனமிக் மைக் எதிரில் இருக்கும் வாயைத்தான் அதிகம் கேட்கும். சத்தமுள்ள ஊருக்கு இரண்டாவதே சரி. வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு சாண் போதும். காசில்லை என்றால் கைபேசியே போதும். போர்வையைச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். பேச்சுக்கு ஸ்டீரியோ வேண்டாம், மோனோ போதும். கோப்பு சின்னதாக இருந்தால்தான் டேட்டா தீர்ந்துபோகிறவரும் கேட்க முடியும். வெட்டி ஒட்ட ‘ஆடாசிட்டி’ இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் அதே ஆடாசிட்டியில் ‘இரைச்சல் நீக்கம்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. தறிச்சத்தத்தை மாதிரிக்குக் கொஞ்சம் காட்டினால், அது பதிவு முழுவதிலிருந்தும் அதை உறிஞ்சி எடுத்துவிடும். ஒரு தறிக்காரரின் பேச்சிலிருந்து தறியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? அவர் ஏன் கத்திப் பேசுகிறார், ஏன் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்கிறார் என்பதெல்லாம் காரணமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். கேட்பவர் ‘இந்தாளு ஏன் இப்படிக் கத்தறான்’ என்பார். ‘ம்’, இழுப்பு, மூச்சு எல்லாவற்றையும் வெட்டியெடுக்கச் சொல்கிறார்கள். கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்டாவிட்டால் கதை சொல்கிறவர் நிறுத்திவிடுவார் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த ‘ம்’மைத் துடைத்துவிட்டால் துணைப்பாடகரை மேடையை விட்டு இறக்கிவிட்டோம் என்று அர்த்தம். சொல் புரிகிற அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கலாம்; சத்தம் இருந்தது என்பதே தெரியாமல் அழிக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒத்துக்கொண்ட முதல் விதி இது.

6

இரண்டாவது விதிக்கு வருவதற்கு ஒரு பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். எழுபதை நெருங்கும் ஒரு அருந்ததியர் மூதாட்டி, வாழ்நாள் முழுக்கத் தோட்டக்கூலி. கூலிக்கு நின்ற ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னோம். நாங்கள் மூன்று பேர் எதிரில், மைக் நடுவில். “எங்களுக்கென்னங் சாமி தெரியும். அவிய நல்லவங்கதானுங். குடுக்கறத வாங்கிக்குவமுங்க” என்றார். இருபது நிமிடம் இப்படியே போனது. பிறகு அவருடைய பேத்தி வேலைவிட்டு வந்தார், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பாட்டி கேட்டுக்கொண்டபடி மைக்கை அவர்கள் இருவரிடமும் விட்டுவிட்டு நாங்கள் வெளித் திண்ணைக்குப் போய்விட்டோம். அந்த இரண்டாவது பதிவில் இருப்பது வேறு ஆள். இடையிடையே வீட்டுத் தெலுங்கு வருகிறது. சிரிப்பு வருகிறது. “அன்னைக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா கண்ணு? கூலி கேட்டா வாயக் காட்டறயான்னான். நானும் உடல. அளந்து போட்டாத்தான் போவேன்னு களத்துலயே குக்கிட்டேன்.” முதல் பதிவில் ‘அவிய’, இரண்டாவதில் ‘அவன்’. முதலில் ‘குடுக்கறத வாங்கிக்குவமுங்க’, பிறகு ‘அளந்து போட்டாத்தான்’.

இரண்டும் ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரே கருவியில் பதிவானவை. ‘நீ நீயாகவே பேசு’ என்ற கட்டளைக்கு எது பதில்? முதலாவது பொய் என்று தள்ள நான் தயாரில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து அவர் எழுதிய பிரதி அது. நாங்கள் யார் என்பதற்கான சாட்சியம் அதிலிருக்கிறது. ‘கொங்குத் தமிழ் வலையொலி’ என்று பெயர் வைக்க ஆசைப்பட்ட நண்பர், இரண்டாவது பதிவின் தெலுங்கைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கொங்குத் தமிழ் என்கிற ஒற்றை அடையாளத்துக்குள் இங்கே பேசுகிற எல்லோரும் அடங்கமாட்டார்கள்.

வெளியிடலாமா? அச்சில் என்றால் பெயரை மாற்றி, ஊரை மாற்றி எழுதிவிடலாம். குரலுக்குப் புனைபெயர் கிடையாது. பக்கத்து ஊர்க்காரர் நாலு வாக்கியம் கேட்டால் போதும், ‘இது இன்னார்’ என்பார். எந்தச் சாதி, எந்த ஊர் என்பதைச் சொல்லின் வாலே காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் களத்துக்காரரின் மகன் அதே ஊரில்தான் இருக்கிறார். பாட்டியும் அங்கேதான் இருந்தாக வேண்டும். பதிவு செய்யும்போது வாங்குகிற சம்மதம் போதாது என்பது எங்கள் இரண்டாவது விதி. பதிந்ததைப் போட்டுக் காட்டி, அதை யாரெல்லாம் கேட்கக்கூடும் என்று பேரோடு சொல்லி, ஒரு மாதம் விட்டு மறுபடி கேட்க வேண்டும். வெளியான பிறகும் எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். எடுத்தாலும் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர் கைபேசியில் அது இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தி வெளியீட்டாளரைக் கண்காணிக்க வழி செய்திருக்கின்றன. சட்டம் வருமா வராதா என்று நாம் கவலைப்படலாம். பேசியவரின் கவலை ஊர். அது சட்டத்தைவிடச் சீக்கிரம் வரும்.

ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது பாட்டி இரண்டையும் வேண்டாம் என்றார். “எம் பேத்தி சொல்லட்டும், அவ சொன்னா ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க” என்றார். இந்தக் கணிப்பு சரியா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் யார் சொல்வது என்கிற முடிவு எங்களிடமிருந்து அவரிடம் போய்விட்டது. அது போக வேண்டிய இடம்தான்.

பேத்தி இப்போது பழகிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொள்கிறார். முதல் முயற்சியில் பண்பலைக்காரர்கள் குரலில் “ஹாய் பிரெண்ட்ஸ்” என்று ஆரம்பித்தார். இரண்டாவதில் எங்கள் குழுவின் குரலில், கட்டுரை வாசிப்பது போல. இரண்டும் கடன் வாங்கிய குரல்கள் என்பது அவருக்கே தெரிந்திருந்தது, அழித்துவிட்டார். ஓடையின் கணக்கை அவர் பெயரில் தொடங்கிக் கடவுச்சொல்லை அவரிடமே கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். குழுவில் இருவருக்கு இதில் உடன்பாடில்லை. ஆறு மாதம் உழைத்தவர்கள், திட்டம் கைவிட்டுப் போகிறது என்கிறார்கள். கைவிட்டுப் போகாவிட்டால் இது இன்னொரு வானொலி நிலையம், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

இலக்கிய நண்பர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலரும் ஒலிக்குள் வர ஆயத்தமாகிறீர்கள். மைக் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் பதிந்த பேச்சு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எதிராளி உங்களுக்கு எத்தனை ‘ங்க’ போட்டிருக்கிறார், நீங்கள் அவருக்கு எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாங்களும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். முதல் பகுதியை எப்படித் தொடங்குவது என்று பேத்தி இன்னும் முடிவு செய்யவில்லை.